பட்டன் பெட்டி மக்கர் செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

இங்கே சொல்லப்போகும் பெட்டியின் ஜாதகம் இது. பிளைவுட்டிலோ கனமான பிளாஸ்டிக்கிலோ ஒரு டப்பா. மேலே 30 மில்லிமீட்டர் ஆர்கேட் பட்டன் நான்கு, டாகிள் ஸ்விட்ச் இரண்டு, 5 மில்லிமீட்டர் எல்இடி ஆறு. உள்ளே ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற குட்டிக் கணினி போர்டு), டிஎஃப்பிளேயர் மினி (மெமரி கார்டில் உள்ள பாட்டைப் பாடும் போர்டு), 8 ஓம் ஸ்பீக்கர். அடியில், திருகு போட்டு மூடுகிற மூன்று ஏஏ செல் ஹோல்டர். ஒரு பட்டனை அமுக்கினால் மாடு கத்தும், இன்னொன்றில் பஸ் ஹாரன், மற்றொன்றில் ஊரிலிருந்து பாட்டி பாடி அனுப்பிய தாலாட்டு. பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாமான் வாங்கி இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே செய்து கொடுக்கிற பொம்மைகள் பெரும்பாலும் இதன் அண்ணன் தம்பிதான். உங்கள் பெட்டியில் ஒன்றிரண்டு சாமான் கூடக்குறைய இருந்தாலும் சோதனை இதேதான்.

இதில் சிப் எரிந்து போவது அபூர்வம். குழந்தை இழுக்கும், கடிக்கும், கட்டிலிலிருந்து தள்ளிவிடும். அதனால் பழுது ஒயர் சேர்கிற இடத்திலும், செல் ஸ்பிரிங்கிலும், சால்டர் வைத்த முனையிலும்தான் முதலில் வரும். "போர்டு போச்சு" என்று முடிவு கட்டி மெட்ரோ ஏறுவதற்கு முன் விரலால் ஒரு சுற்று தொட்டுப் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், புது அல்கலைன் ஏஏ செல் மூன்று, 25 வாட் சால்டரிங் அயர்ன், முதலை கிளிப் போட்ட ஒயர் இரண்டு. மீட்டர் வாங்கும்போது, இரண்டு முனைக்கும் நடுவே இணைப்பு இருந்தால் பீப் சத்தம் போடும் மாடலா என்று கேளுங்கள். விலை மலிந்த மஞ்சள் மீட்டர்களில் 830டி மாடலில் அது உண்டு. சால்டர் வைக்கிற மேஜைப் பக்கம் குழந்தை வரக்கூடாது. 60/40 சால்டரில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஈயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் மேஜையை ஈரத்துணியால் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டிய ஒயர் துண்டுகளையும் எண்ணிப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

## திறப்பதற்கு முன்: உடனே நிறுத்த வேண்டியவை

பெட்டி சுடுகிறது, கருகல் வாடை வருகிறது. குழந்தையிடமிருந்து வாங்கி, மெயின் ஸ்விட்சை அணைத்து, செல்களைக் கழற்றுங்கள். சூடு ஆறிய பிறகு "சூடு" என்ற பகுதிக்குப் போங்கள்.

பட்டன் செல் ஒன்றைக் காணவில்லை. ரிமோட்டிலும் வாழ்த்து அட்டையிலும் இருக்கும் காசு மாதிரியான செல்லைச் சிலர் பொம்மையில் போட்டுவிடுகிறார்கள். போடவே கூடாது. அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்கிவிடும். குழந்தை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் இருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள், இல்லை 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, விழுங்கி 12 மணி நேரம் ஆகாமலும் இருந்தால், போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன், அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம். தேன் தேடிக்கொண்டு வீட்டில் நிற்க வேண்டாம். இரண்டு சின்ன காந்தங்களை விழுங்கியிருந்தாலும் அவசரம் இதே அளவுதான்.

பெட்டியில் லித்தியம் செல் இருக்கிறது, அது உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள். எரியக்கூடிய சாமான் பக்கத்தில் இல்லாத இடத்தில், பால்கனியில் ஒரு மண் தொட்டிக்குள் வையுங்கள். பிறகு மின்கழிவு எடுப்பவரிடம் நேரில் கொடுங்கள். குப்பை வண்டியில் போட வேண்டாம்.

## எதுவுமே எரியவில்லை, சத்தமும் இல்லை

முதலில் செல் திசையைப் பாருங்கள். வீட்டில் யாரோ ஒருவர் மாற்றிப் போட்டிருப்பார். மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தாலே எல்லாம் செத்தது போலத்தான் கிடக்கும்.

திசை சரி என்றால் செல்லின் வகை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சாதா துத்தநாகக் கார்பன் செல் இந்தப் பெட்டிக்குத் தாங்காது. அல்கலைன் வேண்டும். ஒவ்வொரு செல்லையும் தனியே அளந்து பாருங்கள். புதிது 1.5-க்கு மேல் காட்டும். 1.1-க்குக் கீழே போனது குப்பை. ஒன்று மட்டும் இறங்கியிருந்தாலும் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். புதிதும் பழையதும் கலந்தால் பழையது ஒழுகும்.

செல் நல்ல செல்தான் என்றால் மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வைத்து மூன்று இடம் அளக்க வேண்டும். கறுப்பு முனை ஹோல்டரின் கறுப்பு ஒயரிலேயே இருக்கட்டும், சிவப்பு மட்டும் நகரட்டும்.

ஹோல்டரின் சிவப்பு ஒயரிலேயே 4.5 வரவில்லையா? ஸ்பிரிங் துருவா என்று பாருங்கள். மணல் தாளால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, ஸ்பிரிங்கைச் சற்று வெளியே இழுத்துவிடுங்கள். ஹோல்டரில் ரிவெட் அடித்த இடத்தில் ஒயர் ஆடினால் ஹோல்டரையே மாற்றுங்கள். முப்பது நாற்பது ரூபாய் சாமானுக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

அங்கே வருகிறது, ஸ்விட்சின் அடுத்த காலில் வரவில்லையா? ஸ்விட்ச் போயிருக்கும், இல்லை காலில் வைத்த சால்டர் விட்டிருக்கும். முதலை கிளிப்பால் ஸ்விட்சின் இரண்டு காலையும் இணைத்துப் பாருங்கள். பெட்டி உயிர் பெற்றால் ஸ்விட்சை மாற்றுங்கள்.

நானோவின் 5வி காலில் (போர்டின் ஓரத்தில் அந்தப் பெயர் போட்ட முனை) வருகிறதா என்பது கடைசி அளவு. இங்கேதான் ஒரு பழைய தப்பு அடிக்கடி சிக்கும்: சிவப்பு ஒயரை விஐஎன் காலில் வைத்திருப்பார்கள். அந்தக் காலுக்கு 7 வோல்ட்டாவது வேண்டும். 4.5 வோல்ட்டை அங்கே கொடுத்தால் உள்ளே வோல்ட்டேஜைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டர் ஒரு வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் கொடுக்கும். புது செல்லில் எப்படியோ ஓடும், ஒரு வாரத்தில் நிற்கும். ஒயரை 5வி காலுக்கு மாற்றுங்கள்.

5வி காலில் 4.5 இருந்தும் நானோவின் பவர் விளக்கு எரியவில்லை என்றால் மட்டும் நானோவைச் சந்தேகப்படுங்கள்.

## எரிகிறது, ஆனால் சத்தம் வரும்போது அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது

ஸ்பீக்கர் இழுக்கிற கரண்ட்டைச் செல் தாங்கவில்லை. பட்டனை அமுக்கி, பாட்டு ஓடும்போதே 5வி காலை அளந்து பாருங்கள். சும்மா இருக்கும்போது 4.4, பாட்டு ஓடும்போது 3.5 என்று சரிந்தால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

செல்லை மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லையா, ஸ்பிரிங்கைச் சுத்தம் செய்யுங்கள். துரு பிடித்த ஸ்பிரிங், சும்மா அளந்தால் முழு வோல்ட்டேஜ் காட்டி ஏமாற்றும், சுமை வந்தால்தான் குட்டு வெளிப்படும். அப்புறம், ஒலியைக் குறையுங்கள். டிஎஃப்பிளேயரின் ஒலி அளவு 0 முதல் 30 வரை. 15-ஐத் தாண்டத் தேவையில்லை, குழந்தை ஸ்பீக்கரில் காதை ஒட்டித்தான் வைக்கும்.

இதற்கும் மசியவில்லை என்றால் டிஎஃப்பிளேயரின் பிளஸ் மைனஸ் கால்களுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை வையுங்கள். உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றி வைத்தால் வெடிக்கும்.

ரீசார்ஜ் செல் போடுகிறவர்கள் கவனிக்க: அது ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். மூன்று சேர்ந்தால் 3.6, இந்தக் கோளாறுக்கு அதுவே போதும். ரீசார்ஜ் செல்தான் வேண்டுமென்றால் நான்கு செல் ஹோல்டர் போடுங்கள். ஆனால் அந்த நான்கு செல் ஹோல்டரில் ஒரு நாள் தாத்தா கடைக்குப் போய் நான்கு புது அல்கலைன் வாங்கிப் போட்டுவிடுவார். 6.4 வோல்ட் நேராகப் போகும். நானோவின் சிப் தாங்கும் உச்சமே 6. மூடியில் "ரீசார்ஜ் செல் மட்டும்" என்று அழியாத பேனாவில் எழுதி ஒட்டுவது, எழுதாமல் விட்டு நானோ வாங்குவதைவிட மலிவு.

## ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை

நீலமும் வெள்ளையும் மங்கி, சிவப்பு மட்டும் பளிச்சென்று இருந்தால் விளக்கைத் தொடாதீர்கள். செல் இறங்குகிறது. சிவப்புக்கு 2 வோல்ட் போதும், நீலம் வெள்ளைக்கு 3 வேண்டும்.

ஒரே ஒரு விளக்குதான் என்றால் அதன் காலை ஆட்டிப் பாருங்கள். மினுக்கினால் சால்டர் விட்டிருக்கிறது. அசையவே இல்லை என்றால் திசையைப் பாருங்கள். நீண்ட கால் பிளஸ். வெட்டிவிட்டிருந்தால், உள்ளே பெரிய தகடு இருக்கும் பக்கம் பெரும்பாலும் மைனஸ். மீட்டரின் டயோடு நிலையில் வைத்துப் பார்த்தால் சிவப்பு லேசாக ஒளிரும். மலிவான மீட்டரில் நீலமும் வெள்ளையும் ஒளிராமல் போகலாம், அதை வைத்து எல்இடி செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். 220 ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து 4.5 வோல்ட்டில் நேராகத் தொட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

புதிதாகப் போட்ட எல்இடியும் ஒரே நாளில் போனால் ரெசிஸ்டர் இல்லை, அல்லது இரண்டு காலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ரெசிஸ்டரைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு காலுக்கும் ஸ்லீவ் (மேலே மாட்டும் பிளாஸ்டிக் உறை) போடுங்கள்.

## பட்டன் சொன்னபடி கேட்கவில்லை

### அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை

காதைக் கொடுத்து அமுக்குங்கள். ஆர்கேட் பட்டனின் அடியில் உள்ள மைக்ரோ ஸ்விட்ச் "டிக்" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையா, பட்டன் இடுக்கில் பிஸ்கட் தூளோ காய்ந்த ராகிக் கஞ்சியோ இறுகியிருக்கும். பட்டனை முழுதாகக் கழற்றி, ஸ்விட்சை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பாகத்தை மட்டும் வெந்நீரில் கழுவிக் காயவையுங்கள். எண்ணெய் எதுவும் விடாதீர்கள். அது தூளைச் சேர்த்துப் பசையாக்கும், குழந்தை வாயிலும் போகும்.

டிக் வருகிறது, ஆனால் வேலை இல்லை என்றால் ஒயர். மீட்டரை பீப் நிலையில் வைத்து, ஒரு முனையை நானோவின் ஜிஎன்டி-யிலும் (மைனஸ் கால்) மறுமுனையை அந்தப் பட்டனுக்கான காலிலும் வைத்து அமுக்குங்கள். பீப் வராவிட்டால் வழியில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது. பல நேரம் ரப்பர் உறைக்குள்ளேயே, சால்டர் முடிகிற இடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளித்தான் அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் முழு ஒயர், பிடித்து இழுத்தால் உறை மட்டும் ரப்பர் பேண்டு போல நீளும். சால்டர் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், அதற்கு அடுத்த இடம்தான் மடங்கி மடங்கி ஒடியும். ஒற்றைக் கம்பி ஒயர் போட்டிருந்தால் மொத்தத்தையும் எடுத்துவிட்டு, கடையில் "14/36" என்று கேட்டு இழை ஒயர் வாங்கிப் போடுங்கள். முனையில் ஸ்லீவ், அதிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி சூட்டுப் பசையால் சுவரோடு ஒரு பிடிப்பு. இந்தப் பிடிப்பு இல்லாத பெட்டி திரும்பத் திரும்ப மேஜைக்கு வரும்.

பீப் வருகிறது, இருந்தும் நானோ கேட்கவில்லையா? கால் எண்ணைப் பாருங்கள். நானோவின் ஏ6, ஏ7 இரண்டும் அனலாக் மட்டும், பட்டனுக்கு ஆகாது.

### அமுக்காமலே சத்தம் போடுகிறது

கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே மாடு கத்துகிறது என்றால் பேய் பிடிக்கவில்லை, பட்டனை அமுக்காதபோது காலை பிளஸ் பக்கம் இழுத்து வைக்கும் புல்லப் இல்லை. புரோகிராமில் அந்தக் கால் வெறும் இன்புட் என்று இருக்கும். அதை இன்புட் புல்லப் என்று மாற்றுங்கள், சாமான் எதுவும் வாங்க வேண்டாம்.

ஒரே பட்டன் ஓயாமல் அமுங்கியது போலவே நடந்தால் மூன்று இடம். பட்டன் இறுகியிருக்கலாம். டி13 காலில் வைத்திருக்கலாம்: போர்டிலேயே இருக்கும் விளக்கு அந்தக் காலை இழுத்துக்கொண்டிருப்பதால் புல்லப் அங்கே பலிக்காது, வேறு காலுக்கு மாற்றுங்கள். நான்கு கால் உள்ள சின்ன பட்டன் போட்டவர்கள், உள்ளேயே சேர்ந்திருக்கும் இரண்டு காலில் ஒயர் வைத்திருக்கலாம்: மூலைவிட்டமாக இருக்கும் இரண்டு காலைப் பிடித்தால் தப்பாது.

விரலை எடுக்கும்போதுதான் சத்தம் வருகிறதா? மைக்ரோ ஸ்விட்சின் மூன்று காலில் என்சி-யில் (அமுக்காதபோது இணைந்திருக்கும் கால்) ஒயர் போட்டிருக்கிறீர்கள். என்ஓ-வுக்கு (அமுக்கினால் இணையும் கால்) மாற்றுங்கள்.

### ஒரு தடவை அமுக்கினால் இரண்டு மூன்று தடவை

புரோகிராமில் 50 மில்லிசெகண்ட் பொறுத்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அமுக்கிப் பிடித்தபடியே இருந்தால் பாட்டு திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது என்றால், பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக இப்போதுதான் அமுங்கியதா என்று பார்க்கும்படி மாற்ற வேண்டும். குழந்தை தொட்டுவிட்டு விடாது, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

## சத்தக் கோளாறுகள்

இந்தப் பெட்டியில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். சோதிக்கும் வரிசை மாறினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விடும், அன்றைக்கு எஸ்.பி. ரோட்டில் பெரும்பாலான கடையும் மூடியிருக்கும்.

### விளக்கு எல்லாம் எரிகிறது, சத்தம் மட்டும் துளியும் இல்லை

முதலில் ஒரே சோதனையில் பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடுங்கள். பெட்டி ஓடும்போது டிஎஃப்பிளேயரின் ஐஓ2 காலையும் ஜிஎன்டி காலையும் ஒரு ஒயர் துண்டால் சட்டென்று தொட்டு எடுங்கள். அடுத்த பாட்டுக்குப் போ என்பது அதன் பொருள், இதற்கு நானோவின் தயவு தேவையில்லை.

பாட்டு வந்தது. கார்டு, ஸ்பீக்கர், டிஎஃப்பிளேயர் மூன்றும் நல்லவை. கோளாறு நானோவிலிருந்து வரும் இரண்டு ஒயரில். நானோ அனுப்புகிற டிஎக்ஸ், டிஎஃப்பிளேயர் வாங்கிக்கொள்கிற ஆர்எக்ஸ்-க்குப் போக வேண்டும். டிஎக்ஸ்-க்கு டிஎக்ஸ் என்று போட்டிருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. ஜிஎன்டி இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறதா பாருங்கள். அதுவும் சரி என்றால், கரண்ட் வந்தவுடனே புரோகிராம் கட்டளை அனுப்புகிறதா என்று பாருங்கள். கார்டைப் படித்துத் தயாராக டிஎஃப்பிளேயருக்கு நேரம் வேண்டும். தொடக்கத்தில் 2 விநாடி காத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்விட்சை நாலு தடவை போட்டு அணைத்தால் ஒரு தடவை மட்டும் பாடுகிற பெட்டிகளுக்கு மருந்து இதுதான்.

பாட்டு வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஏஏ செல்லை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டு எடுத்தால் "டப்" என்று வர வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 7 சொச்சம் காட்டும். எண்ணே வராமல் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றால் உள்ளே கம்பி அறுந்தது, புது ஸ்பீக்கர்தான். ஸ்பீக்கர் நல்லதென்றால் கார்டு. 32 ஜிபி அல்லது அதற்குள், ஃபேட்32 ஃபார்மட். 64 ஜிபி கார்டு வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று போட்டால் படிக்காது. கார்டைக் கழற்றி, மறுபடி "கிளிக்" என்று உட்காரும்வரை தள்ளிப் பாருங்கள். கீழே விழுந்த பெட்டியில் கார்டு அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இன்னொரு கார்டும் பலிக்கவில்லை என்றால்தான் டிஎஃப்பிளேயரை மாற்ற வேண்டும்.

### பாட்டியின் பாட்டு மட்டும் வரவில்லை

மாடு கத்துகிறது, ஹாரன் அடிக்கிறது, தாலாட்டு மட்டும் ஊமை. வாட்ஸாப்பில் வந்த குரல் பதிவு எம்பி3 கிடையாது. ஓபஸ் என்ற வேறு வகை. கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை எம்பி3 என்று மாற்றி எழுதினால் பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அதேதான். டிஎஃப்பிளேயர் அதைப் படிக்காமல் தாண்டிப்போகும். கணினியில் ஆடாசிட்டியிலோ விஎல்சியிலோ திறந்து உண்மையான எம்பி3 ஆக மாற்றிச் சேமியுங்கள். மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 128 கேபிபிஎஸ் போதும். மாற்றும்போதே தொடக்கத்தில் இருக்கும் "ஹலோ, கேக்குதா?"வை வெட்டிவிடலாம். வெட்டாமல் விட்ட பெட்டிகளும் உண்டு, குழந்தை அதற்கு "ஆங், கேக்குது" என்று பதில் சொல்லும்.

### ஒன்றை அமுக்கினால் இன்னொன்று பாடுகிறது

சில கட்டளைகளுக்கு டிஎஃப்பிளேயர் பெயரைப் பார்க்காது, கார்டில் எது முதலில் ஏறியதோ அதுதான் ஒன்று. கார்டை ஃபார்மட் செய்து, எம்பி3 என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, 0001, 0002 என்று நான்கு இலக்கப் பெயரோடு ஒவ்வொன்றாக, வரிசையாக ஏற்றுங்கள். புரோகிராமிலும் அந்த ஃபோல்டரிலிருந்து எடுக்கும் கட்டளையே இருக்கட்டும். மேக் கணினியில் ஏற்றியவர்களுக்கு ஒரு தொல்லை கூடுதல்: ஒவ்வொரு பாட்டுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிக் கோப்பு சேர்ந்துவிடும், அதையும் பாட்டென்று எண்ணிக்கொள்ளும். அவற்றை அழித்துவிட்டுக் கார்டை எடுங்கள், இல்லை வேறு கணினியில் ஏற்றுங்கள்.

### கரகர, உஸ் என்ற இரைச்சல்

எப்போதும் கரகர என்றால் ஸ்பீக்கர் கூம்பைப் பாருங்கள். குழந்தைகள் துளை வழியே குச்சி விடுவார்கள். சத்தம் கூடும்போது மட்டும் கரகர என்றால் செல். பாட்டு இல்லாதபோதும் உஸ் என்று இருந்தால், நானோவிலிருந்து ஆர்எக்ஸ்-க்குப் போகும் ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஸ்பீக்கரின் இரண்டு ஒயரும் டிஎஃப்பிளேயரின் இரண்டு ஸ்பீக்கர் காலுக்கே போக வேண்டும். ஒன்றை ஜிஎன்டி-யில் சேர்த்திருந்தால் உடனே பிரியுங்கள்.

## செல் இரண்டே நாளில் தீர்ந்துபோகிறது

பெட்டி அமைதியாக இருந்தாலும் நானோவும் டிஎஃப்பிளேயரும் சேர்ந்து சுமார் 40 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். அல்கலைன் செல்லின் கொள்ளளவை 2000 மில்லிஆம்பியர் மணி என்று வைத்தால் 50 மணி நேரக் கணக்கு. அதாவது இரவு அணைக்க மறந்தால் இரண்டு நாள்தான். இது பழுதில்லை. மெயின் ஸ்விட்சைப் பெட்டியின் அடியில் ஒளிக்காமல், பெரிய ராக்கர் ஸ்விட்சாக மேலேயே வையுங்கள். அணைப்பதும் குழந்தைக்கு ஒரு விளையாட்டுதான்.

அணைத்து வைத்தும் தீர்கிறதா? மீட்டரை 200 மில்லிஆம்பியர் டிசி-யில் வைத்து, ஹோல்டரின் சிவப்பு ஒயரைப் பிரித்து நடுவே சேருங்கள். ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எதோ ஒரு ஒயர் ஸ்விட்சைத் தாண்டி நேராகச் செல்லுக்குப் போயிருக்கிறது. அளந்து முடித்ததும் மீட்டரை வோல்ட்டுக்குத் திருப்பிவிடுங்கள். மறந்து அப்படியே வோல்ட்டேஜ் அளந்தால் மீட்டரின் ஃபியூஸ் போகும்.

## செல் அறையில் வெள்ளைப் பொடி

அல்கலைன் ஒழுகினால் வருவது காரம், கையில் பட்டால் எரியும். கையுறை போட்டு செல்லை எடுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். ஸ்பிரிங் பச்சை படர்ந்து மெலிந்திருந்தால் ஹோல்டரை மாற்றுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும் முன் செல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் இந்தப் பகுதியைப் படிக்கவே தேவையில்லை.

## பாலோ தண்ணீரோ கொட்டிவிட்டது

போட்டுப் பார்க்காதீர்கள். செல்லைக் கழற்றுங்கள், திறந்து கவிழ்த்து வையுங்கள். வெறும் தண்ணீர் என்றால் மின்விசிறிக்கு அடியில் இரண்டு நாள், மழைக்காலமானால் மூன்று நாள். பால், ஜூஸ், கஞ்சி என்றால் காய்ந்த பிறகும் கரண்ட் கசியும். போர்டை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்துவிட்டுக் காயவையுங்கள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம், தவிடும் தூளும்தான் உள்ளே போகும். காகிதக் கூம்பு ஸ்பீக்கர் ஊறியிருந்தால் புதிது வாங்குங்கள்.

## சூடு

செல் இல்லாமல், மீட்டரை பீப் நிலையில் வைத்து நானோவின் 5வி காலுக்கும் ஜிஎன்டி-க்கும் இடையே தொடுங்கள். தொடர்ந்து பீப் அடித்தால் ஷார்ட். டிஎஃப்பிளேயரைக் கழற்றி மறுபடி தொடுங்கள். பீப் நின்றால் டிஎஃப்பிளேயர் அல்லது அதன் ஒயர். நிற்கவில்லை என்றால் ஒவ்வொரு ஒயராக எடுத்துக்கொண்டே போங்கள். உருண்டோடிய ஒரு சால்டர் மணியோ, உதிர்ந்த ஒற்றை இழையோ போர்டின் அடியில் இரண்டு காலை இணைத்துக்கொண்டு கிடக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

செல்லே சுடுகிறதென்றால் ஹோல்டரின் இரண்டு ஒயரும் எங்கோ நேராகத் தொடுகின்றன. உறை உரிந்த ஒயரை டேப் சுற்றிச் சமாளிக்காதீர்கள், மாற்றுங்கள்.

## கணினியிலிருந்து புரோகிராம் ஏறவில்லை

யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள். வீட்டில் இருப்பதில் பாதி சார்ஜுக்கு மட்டும் ஆனது. கணினியில் போர்ட்டே தெரியவில்லை என்றால் நானோவின் யுஎஸ்பி சிப்புக்கான சிஎச்340 டிரைவர் போடுங்கள். போர்ட் தெரிந்தும் "நாட் இன் சிங்க்" என்று வந்தால் ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் மெனுவில் பிராசசரை ஓல்ட் பூட்லோடர் என்று மாற்றிப் பாருங்கள். டி0, டி1 கால்களில் ஏதாவது ஒயர் இருந்தால் ஏற்றும்வரை பிரித்து வையுங்கள். யுஎஸ்பி செருகும் முன் மெயின் ஸ்விட்சை அணைப்பது கட்டாயம். அணைக்காவிட்டால் யுஎஸ்பியின் கரண்ட் அல்கலைன் செல்லுக்குள் போகும், அது சார்ஜ் ஏற்றுவதற்கான செல் இல்லை.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

புது நானோ போட்டும் அதுவும் எரிந்தது என்றால் மூன்றாவதை வாங்காதீர்கள். அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் பழைய டிவி, ரேடியோ பழுது பார்ப்பவர்களிடம் தமிழிலேயே பேசி வேலை வாங்கலாம். "எதை அமுக்கினால் என்ன ஆகிறது, எந்த இடத்தில் எத்தனை வோல்ட்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பாதிக் கூலி மிச்சம். எஸ்.பி. ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போகிறீர்கள் என்றால் பழைய சாமானையே எடுத்துப் போங்கள். கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவில் இறங்கி, நெரிசலில் நின்று வாயால் விளக்குவதைவிட அதைக் கவுண்டரில் வைப்பது வேகம்.

லித்தியம் செல் வைத்த பெட்டிக்கு வீட்டுப் பழுது பார்ப்பே வேண்டாம். அதன் சார்ஜிங் போர்டில் செல்லுக்கு இரண்டு முனை மட்டும் இருந்து, வெளியே போக அவுட் என்று தனி முனைகள் இல்லையென்றால் பாதுகாப்புச் சிப் இல்லாத ரகம். கழற்றிவிட்டு ஏஏ ஹோல்டருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சுவரில் செருகும் அடாப்டரை யாரும் திறக்க வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம். புதிது வாங்குங்கள், அதையும் குழந்தை விளையாடும்போது செருகாதீர்கள்.

அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள் என்று செய்து விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், மின்சாரப் பொம்மைக்கான தரம் ஐஎஸ் 15644. வீட்டுப் பிள்ளைக்குச் செய்வது வேறு, கடை வைப்பது வேறு.

## மூடித் திருப்பிக் கொடுக்கும் முன்

ஒவ்வொரு பட்டனையும் டாகிள் நுனியையும் விளக்கையும் விரலால் பிடித்து, குழந்தை இழுப்பதைவிட வேகமாக இழுங்கள். திருகாணி, எல்இடி, டாகிளின் தொப்பி என்று எது கழன்று வந்தாலும் அதை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் போட்டுப் பாருங்கள். முழுதும் உள்ளே போனால் குழந்தை தொண்டைக்கும் போகும், பசை வைத்து மறுபடி பொருத்தாமல் பெட்டியில் வேறு மாதிரிப் பூட்டுங்கள். செல் மூடியின் திருகு கையால் திறக்க வராத அளவு இறுகியிருக்கிறதா பாருங்கள்.

கடைசியாகப் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது கடகடவென்று உருண்டால், மறுபடி திறக்க வேண்டியதுதான்.